மண்ணே சத்தம் போட்டால்: கனிமம் கூடிய நிலத்தில் மெட்டல் டிடெக்டர் ஏன் தடுமாறுகிறது?

இந்தச் செய்தியை எல்லோரும் வாசித்திருப்போம். எங்கோ ஓரிடத்தில் தங்கம் புதைத்திருக்கிறார்கள் என்று ஒரு தகவல். நீதிமன்ற அனுமதி எடுத்தாயிற்று, பொலிஸ் வந்தாயிற்று, கிராம சேவகர் நிற்கிறார், பெக்கோ தோண்டுகிறது. காலையில் "ஸ்கேனர் காட்டியது" என்றவர்கள் பின்னேரம் ஒன்றுமில்லை என்று குழியை மூடிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டே கட்சிதான். "முதலே யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்" என்பது ஒன்று, "மெஷினே டூப்" என்பது மற்றது.

மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்கிறது. கருவி உண்மையாகவே ஏதோ ஒன்றுக்குச் சத்தம் போட்டிருக்கலாம், அந்த ஏதோ ஒன்று மண்ணாகவே இருக்கலாம். கொழும்பைச் சுற்றியுள்ள, கபுக் எனும் சிவந்த கல் நிறைந்த நிலத்தில் ஒரு சாதாரண டிடெக்டரைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மற்றவர்களுக்காக அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

கருவி எதைக் கேட்கிறது?

மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றம் மட்டும்தான். நடப்பது இவ்வளவுதான்:

1. தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. கையில் பிடிக்கும் சாதாரணக் கருவிகளில் இது சில கிலோஹேர்ட்ஸிலிருந்து சில பத்துக் கிலோஹேர்ட்ஸ் வரையான மீடிறனில் இருக்கும். அதனால் நிலத்துக்குள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் போகிறது.

2. வழியில் மின்சாரம் கடத்தும் பொருள் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த ஓட்டம் தனக்கென்று ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும்.

3. இரண்டாவது சுருள் அந்தச் சின்னப் புலத்தைப் பிடிக்கிறது. அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரப் பின்னடைவு என்று பார்க்கிறது. இந்தப் பின்னடைவுக்குப் பாடப்புத்தகத்தில் அவத்தை வித்தியாசம் என்று பெயர்.

திரையில் வரும் இலக்கமும் காதில் கேட்கும் சத்தமும் இந்த மூன்றாவது படியிலிருந்து ஊகித்தவை. "தங்கம்" என்று ஒரு பட்டன் இருந்தாலும் அது ஊகம்தான்.

நகையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒரு தடித்த காப்பு என்பது மூடிய வளையம், சுழல் மின்னோட்டம் அதைச் சுற்றித் தாராளமாக ஓடும், கருவி கத்தும். அதே நிறையில் ஒரு மெல்லிய சங்கிலியைப் போட்டால் கருவிக்குச் சங்கிலி தெரியாது, தனித்தனிக் கண்ணிகள்தான் தெரியும், அதனால் பல கருவிகள் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடும். பவுண் எத்தனை என்பதைவிட வடிவம் என்ன என்பதுதான் இங்கே பெரிய விஷயம்.

மண் எப்படி நடுவில் வருகிறது?

மண்ணில் இரண்டு விதமான தொந்தரவு இருக்கிறது. ஒன்று காந்தத் தன்மை, மற்றது மின்கடத்துதிறன். கொழும்பில் இரண்டும் உண்டு. உள்ளே போனால் முதலாவது, கடலுக்குப் போனால் இரண்டாவது.

மாலபே, ஹோமாகம பக்கம் வீடு கட்ட நிலம் வெட்டும்போது வெளிப்படும் சிவப்பும் மஞ்சளும் கலந்த, துளை துளையான கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கபுக். வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும், பழைய மதில்கள் நிறைய இதில் கட்டியவை. புவியியலில் இதை லேட்டரைட் என்பார்கள். 1807இல் பிரான்சிஸ் புக்கனன் மலபாரில் இதே கல்லைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது. நல்ல மழையும் நல்ல சூடும் நெடுங்காலம் சேர்ந்தால் பாறையிலுள்ள சிலிக்கா கரைந்து போய்விடும். இரும்பு ஒட்சைட்டும் அலுமினியம் ஒட்சைட்டும் மிஞ்சும். தென்மேற்கு ஈரவலயத்தில் மழைக்கும் சூட்டுக்கும் பஞ்சமே இல்லை.

ஆனால் மண் சிவப்பாக இருந்தால் கருவி கெடும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். சிவப்பைக் கொடுப்பது ஹெமடைட், மஞ்சளையும் கபிலத்தையும் கொடுப்பது கோதைட். இரண்டும் காந்தத்துக்கு அவ்வளவாக இழுபடாதவை. பிரச்சினை செய்பவை மக்னடைட், மக்கெமைட் என்ற காந்தத் தன்மை கூடிய இரும்பு ஒட்சைட்டுகள். இவை கொஞ்சமாகக் கலந்திருந்தாலே போதும். நிறத்தைப் பார்த்து இவற்றின் அளவைச் சொல்லவே முடியாது.

பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டுக் காய்ந்த மண்ணில் இழுங்கள். பைக்கு வெளியே கறுப்புத் தூள் மீசை மாதிரிக் குத்திட்டு நிற்கும். காந்தத்தை வெளியே எடுத்தால் தூள் எல்லாம் பொத்தென்று விழும். சில இடங்களில் ஒரு சிட்டிகை வரும், சில கிறவல் பாதைகளில் பை முழுக்க ஒட்டிக்கொள்ளும். அந்தப் பை முழுக்க ஒட்டும் இடத்தில்தான் கருவி பாடாய்ப் படுத்தும்.

நாட்டின் மற்றப் பக்கங்களிலும் இப்படியான நிலங்கள் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைட் நிறைந்த கனிம மணல், சேருவிலவில் செம்போடு சேர்ந்த மக்னடைட், சிலாபத்துக்குக் கிட்டப் பனிரெண்டாவவில் இரும்புத் தாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற பொறியியலாளர் வானொலித் திசைகாட்டிகளோடு வேலை செய்தபோது, தாதுப் பாறைகள் இருக்கும் இடங்களில் மட்டும் திசை பிசகுவதைக் கவனித்தார். அதிலிருந்துதான் அவருடைய டிடெக்டர் பிறந்தது, 1937இல் காப்புரிமையும் கிடைத்தது. இன்று நாம் திட்டித் தீர்க்கும் அதே நிலத் தொந்தரவுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த துப்பு.

ஆழம் இரட்டித்தால் 64 மடங்கு

சுருளிலிருந்து போகும் புலம், சுருளின் அளவைவிடத் தூரம் போனபிறகு, தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சின்னப் பொருளிலிருந்து திரும்பி வரும் புலமும் அதேபோல மும்மடிக்குக் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் அடுக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகிவிடும்.

மண்ணோ தட்டுக்கு நேர் கீழே, ஒட்டிக்கொண்டு, எல்லாப் பக்கமும் பரந்து கிடக்கிறது. காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் மெல்லச் சொல்லும் விலையைக் கேட்க முயல்வது மாதிரித்தான் கருவியின் நிலைமை.

நல்ல மண்ணில் ஒரு நாணயம் 20 - 30 சென்ரிமீற்றர் வரை பிடிபடும். கனிமம் கூடிய மண்ணில் அதில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படலாம். ஆக, கைக்கருவியை வைத்துக்கொண்டு "20 அடி ஆழத்தில் ஒரு பெட்டி நகை காட்டுகிறது" என்று யாராவது சொன்னால் ஆறாம் அடுக்கை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்ட் பேலன்ஸ் என்ன செய்கிறது?

மண்ணுடைய பதிலுக்கும் உலோகத்துடைய பதிலுக்கும் அவத்தையில் வித்தியாசம் உண்டு. காந்தத் தன்மையுள்ள மண் பெரும்பாலும் பின்னடைவே இல்லாமல் உடனே பதில் சொல்லும், மிகச் சின்ன ஒரு பின்னடைவு மட்டும் இருக்கும். உலோகத்தில் ஓட்டம் பிறந்து அடங்க வேண்டும், ஆகவே கணிசமாகப் பிந்தும். கருவியிடம் "இந்த அளவு பின்னடைவோடு வருவதெல்லாம் மண், அதைக் கணக்கில் எடுக்காதே" என்று சொல்லிக்கொடுப்பதுதான் கிரவுண்ட் பேலன்ஸ்.

செய்யும் முறை: உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்துகொண்டு தட்டை நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்கும் நிலத்துக்குக் கிட்டவுமாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். கீழே வரும்போது சத்தம் ஏறினால் ஒரு பக்கம் திருத்த வேண்டும், இறங்கினால் மறுபக்கம். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே சீராகக் கேட்டால் சரி. பல புதுக் கருவிகள் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் தாங்களே செய்துவிடும், நடக்க நடக்கத் தொடர்ந்து திருத்திக்கொண்டு வரும் கருவிகளும் உண்டு.

ஆனால் இது ஒரே மாதிரியான மண்ணுக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். நம் ஊர்க் கிறவலில் ஒரு அடிக்குள்ளேயே மண் மாறும். நடுவில் இரும்புக்கல் துண்டு ஒன்று கிடந்தால் அதன் பின்னடைவு சுற்றியுள்ள மண்ணின் பின்னடைவோடு பொருந்தாது, கருவி அதை உலோகம் என்று அறிவிக்கும். தேடுபவர்கள் இதைச் சூட்டுக் கல் என்று சொல்வார்கள். தோண்டி எடுத்தால் கையில் வெறும் கல், திரும்பத் தட்டுக்கு முன் பிடித்தால் திரும்பவும் சத்தம். கருவி பொய் சொல்லவில்லை, அதற்குக் கேட்டது அதுதான்.

தொடர்ந்து திருத்தும் வசதியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே இடத்தில் தட்டைத் திரும்பத் திரும்ப வீசினால் கருவி அந்தப் பலவீனமான உலோகச் சத்தத்தையே மண் என்று நினைத்து அழித்துவிடும்.

"இரும்பு" என்று காட்டினால் நம்பலாமா?

கனிமம் கூடிய நிலத்தில் நம்பக்கூடாது, அவ்வளவுதான். தட்டுக்குத் திரும்பி வருவது உலோகத்தின் பதிலும் மண்ணின் பதிலும் சேர்ந்த கூட்டுத்தொகை. பொருள் ஆழமாகப் போகப்போக அதன் பங்கு குறையும், மண்ணின் பங்கு அப்படியே இருக்கும், கூட்டுத்தொகை இரும்பின் பக்கம் சாயும். ஆழத்தில் கிடக்கும் ஒரு செப்புக் காசு, மேலே கிடக்கும் ஆணி மாதிரியே காட்டும். குப்பையைத் தவிர்க்கலாம் என்று வடிகட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் தேடி வந்ததையே வடிகட்டிவிட்டுப் போவது இப்படித்தான்.

நேரத்தை அளக்கும் கருவிகள்

அடுத்த வகை, துடிப்பு முறைக் கருவி. இது தொடர்ந்து அனுப்பிக்கொண்டே கேட்பதில்லை. சுருளில் ஒரு துடிப்பு ஓட்டத்தை விட்டுச் சட்டென்று வெட்டிவிடும். பிறகு சில மைக்ரோசெக்கன்கள் பொறுத்திருந்து, அடங்கிக்கொண்டிருக்கும் சுழல் மின்னோட்டத்தைக் கேட்கும். சாதாரண மண்ணின் உடனடிப் பதில் அதற்குள் முடிந்திருக்கும். உலோகத்தின் பதில் மட்டும் மிஞ்சும். தங்க வயல்களில் இந்த வகை செல்லுபடியாவது அதனால்தான். அவுஸ்திரேலியாவின் செந்நிலத்தில் மற்றக் கருவிகள் கைவிட்ட பிறகு, 1990களின் நடுவில் மைன்லாப் நிறுவனம் இந்த வழியில்தான் பேர் எடுத்தது.

இதுவும் முழுத் தீர்வில்லை. மண்ணில் நனோமீற்றர்க் கணக்கில் மிக நுண்ணிய மக்னடைட், மக்கெமைட் துணிக்கைகள் இருந்தால் அவை புலத்தை வெட்டிய பிறகும் கொஞ்ச நேரம் காந்தமாகவே இருந்து மெல்ல அடங்கும். அதாவது மண்ணும் பிந்திப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். இந்த அடக்கம் நேரத்துக்கு நேர்மாறாகக் குறைவது, உலோகத்தில் அடக்கம் வேறு வளைவில் வேகமாகக் குறைவது. வெவ்வேறு நேரங்களில் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துத்தான் நல்ல கருவிகள் இரண்டையும் பிரிக்கின்றன. கழிக்கும்போது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள உலோகத் துண்டுகளின் சமிக்ஞையும் சேர்ந்து கழிபட்டுப் போகும். அது தவிர்க்க முடியாத விலை.

இந்த நுண் துணிக்கைகள் எங்கே நிறைய இருக்கும்? சுட்ட மண்ணில். நெருப்புப் பட்டால் மண்ணின் இரும்பு ஒட்சைட்டுகள் காந்தம் கூடிய வகையாக மாறுகின்றன. குப்பை எரித்த மூலை, பழைய அடுப்படி, சூளை, ஓடு, செங்கல் எல்லாமே இதில் சேரும். தொல்லியலாளர்கள் புதைந்த சூளைகளைக் காந்தமானி கொண்டு கண்டுபிடிப்பதும் இதே தன்மையை வைத்துத்தான். இப்போது யோசித்துப் பாருங்கள், புதையல் தேடிப் போகிறவர்கள் கருவியோடு எங்கே போகிறார்கள்? இடிந்த செங்கல் கட்டடங்களுக்கு. அங்கே கருவி கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடற்கரைக் கதை வேறு

கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ ஈர மணலில் கருவி உளறினால் காரணம் பெரும்பாலும் உப்பு. கடல்நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 5 சீமன்ஸ் அளவில்தான், தங்கத்துக்கு ஏறக்குறைய நாலரைக் கோடி. ஒரு கோடி மடங்கு வித்தியாசம் இருந்தும் கடல்நீர் தொந்தரவு செய்வது அது தட்டுக்குக் கீழே எல்லா இடமும் இருப்பதால். ஒற்றை மீடிறன் கருவி இதில் திணறும். உப்புக்குச் சரிபார்த்தால் காந்தக் கனிமம் கலந்த கறுப்பு மணல் கத்தும், கறுப்பு மணலுக்குச் சரிபார்த்தால் உப்பு கத்தும். ஒரே நேரத்தில் பல மீடிறன்களில் இயங்கும் கருவி இரண்டையும் தனித்தனியே கழிக்கப் பார்க்கும். துடிப்பு முறைக் கருவியும் நல்லது, உப்புநீரின் பதில் மிக வேகமாக அடங்கிவிடும். ஆனால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு சின்னத் தோட்டின் பதிலும் அதோடு அடங்கிவிடும்.

அப்படியானால் கனிம நிலத்தில் எப்படித் தேடுவது?

1. உணர்திறனைக் குறையுங்கள். கேட்க முரண்பாடாக இருக்கும், ஆனால் முழு அளவில் வைத்தால் மண்ணின் சத்தமும் சேர்ந்துதான் பெரிதாகும். கருவி அமைதியாகும் வரை குறைத்தால் உண்மையான ஆழம் கூடும்.

2. சின்னத் தட்டு. கீழே அடங்கும் மண்ணின் அளவு குறையும். இரண்டு டி எழுத்துகளை முதுகோடு முதுகாக வைத்த மாதிரியான சுருளும் உதவும், அது ஒரு ஒடுங்கிய கீற்றை மட்டும் பார்க்கிறது.

3. வடிகட்டலை நிறுத்திவிட்டு எல்லா உலோகமும் கேட்கும்படி வையுங்கள்.

4. மெதுவாக, நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் வீசுங்கள். உயரம் மாறினாலே மண்ணின் பதில் மாறும்.

5. சந்தேகமான சத்தத்தைக் குறுக்காகவும் வீசிப் பாருங்கள். உலோகம் என்றால் இரு திசையிலும் ஒரே புள்ளியில் கூர்மையாகக் கேட்கும், மண் என்றால் பரந்து, இழுபட்டு, ஒரு திசையில் காணாமல் போகும்.

6. பரிசோதிக்க நம்முடைய புதுச் சில்லறையைப் புதைக்காதீர்கள். 2017இல் வந்த புது நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு, தங்கத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லித்தராது. ஒரு செம்பு வளையம் நல்லது.

செய்தியில் வரும் மற்ற "ஸ்கேனர்கள்"

நிலத்தை ஊடுருவும் ராடார் என்று ஒன்று உண்டு, சில்லு வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அது உலோகத்தைத் தேடுவதில்லை, மண்ணடுக்கு மாறும் இடத்தைக் காட்டும். பாறை, வெற்றிடம், பழைய குழி எல்லாமே அதில் ஒரு வளைவுதான். ஈரக் களிமண்ணில் அலை சீக்கிரமே அடங்கிவிடும்.

இன்னொரு வகை, கைப்பிடியில் அன்டெனாக் கம்பி பூட்டி "500 மீற்றரில் தங்கம், வைரம்" என்று விற்பது. வைரமும் மாணிக்கமும் உலோகமே இல்லை, இதில் மேலே சொன்ன எந்தப் பௌதிகமும் இல்லை. இப்படி அன்டெனாக் கம்பி வைத்த போலிக் கருவிகளைக் குண்டு கண்டுபிடிக்க என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கோர்மிக்குக்கு 2013இல் பிரித்தானிய நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை கொடுத்தது.

ஏன் இது வெறும் புதையல் கதை இல்லை?

கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு இதே பௌதிகம் உயிர்ப் பிரச்சினை. வன்னியிலும் முகமாலையிலும் புதைக்கப்பட்ட மிதிவெடிகள் பலவற்றில் உலோகம் மிகக் கொஞ்சம். மண்ணை அடக்க உணர்திறனைக் குறைத்தால் வெடி தப்பிவிடும். குறைக்காமல் விட்டால் கல்லும் செங்கல் துண்டும் ஷெல் சிதறலும் அவ்வளவும் கத்தும், ஒவ்வொன்றையும் வெடியாகவே நினைத்து மண்டியிட்டுத் தோண்ட வேண்டும். புதையல்காரருக்குப் பொய்ச் சத்தம் என்றால் ஒரு நாள் வீண். இங்கே ஒரு தளத்தின் வேலை எத்தனை மாதம் இழுக்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது. அதனால்தான் வடக்கில் பல இடங்களில் டிடெக்டரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீண்ட கைப்பிடியுள்ள விறாண்டிகளால் மேல்மண்ணைக் குறிப்பிட்ட ஆழத்துக்குப் படிப்படியாகச் சுரண்டி எடுக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். மணல்பாங்கான நிலத்தில் அது சரிவரும், இறுகிய கிறவலில் சரிவராது.

வாங்க யோசிப்பவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளைத் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும், சொந்தக் காணி என்பது சாக்காகாது. வடக்கு கிழக்கில் அடையாளம் தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் கிளறாமல் அந்த இடத்தைக் குறித்துவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.